கை நனைத்தவன்

என் அண்ணனின் விரல்களைத் தேடிப் பொறுக்கியவள் நான்.

திருச்சுழி போகிற வழியில் எங்கள் ஊர்க் கண்மாய். அதில் தண்ணீர் நின்று பார்த்தது குறைவு. கருவேல முள்தான் எப்போதும் நிறைந்து கிடக்கும். அந்த மரங்களை ஏலம் எடுத்து வெட்டி, அடுக்கி மண் பூசி மூட்டம் போட்டு, கரியாக்கி லாரியில் ஏற்றிவிடுவது அண்ணனின் தொழில். அன்றைக்கு அவனுக்கு மதியச் சோறு கொண்டுபோனேன். கரையேறும்போதே சத்தம் கேட்டது. பக்கத்து ஊர்க்காரன் ஒருவன், கண்மாயை ஒட்டி நிலம் வைத்திருப்பவன், தன் வரப்போரத்து மரத்தில் எவன் கை வைத்தது என்று கத்திக்கொண்டிருந்தான். அண்ணனும் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆளில்லை. ஏலம் எடுத்தவன் நான், உன் வரப்பு எங்கே முடிகிறதென்று சர்வேயரைப் போய்க் கேள் என்றான். அதற்கு மேல் பேச்சு இல்லை. அவன் அரிவாளை ஓங்கிவிட்டான். அண்ணன் தலையைக் காப்பாற்றக் கையைத் தூக்கினான்.

வலது கையில் மூன்று விரல் போயிற்று. வெட்டியவன் பைக்கில் ஏறிப் போய்விட்டான். கூலிக்கு மரம் வெட்ட வந்திருந்தவர்கள் அதற்கு முன்பே முள்ளுக்குள் சிதறி ஓடிவிட்டார்கள். கண்மாய்க்குள் நானும் அண்ணனும்தான். அவன் கையைத் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டு, முழங்கால் போட்டுச் சருகுக்குள் கை விட்டுத் தேடினேன். இரண்டு கிடைத்தன. மூன்றாவது கிடைக்கவே இல்லை. யாரோ பைக் கொண்டுவந்தார்கள், அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம், அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். என் முந்தானையில் முடிந்து கொண்டுபோனதை டாக்டர் அவிழ்த்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். மண்ணும் சருகும் ஒட்டி நேரமும் கடந்துபோன விரலை ஒன்றும் செய்ய முடியாதாம்.

ஓடிப்போன கூலிக்காரர்களில் ஒருவன் எங்கள் வேதக்கோயில் சபையின் வாலிபர் சங்கச் செயலாளர். டவுனில் டயர் கடையில் வேலை பார்ப்பவன். அன்று கடை லீவு, கைச்செலவுக்கு ஆகட்டும் என்று மரம் வெட்ட வந்திருந்தான். ஆறடி உயரம். அவ்வளவு உயரமும் எப்படித்தான் முள்ளுக்குள் ஒளிந்ததோ என்று நான் பல நாள் வயிறெரிந்து பேசியிருக்கிறேன்.

நானும் அதே சங்கத்தில் இருப்பவள்தான். அதனால் அதைப்பற்றி எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். எங்கள் சபை பெரிய கோயில் ஒன்றும் இல்லை. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, வெயில் காலத்தில் பிரசங்கம் நீண்டால் பாதிப் பேர் சுவரோரம் ஒண்டிவிடுவார்கள். எங்கள் பக்கத்து இளவட்டங்களுக்கு வேலை குறைவு, கோபம் தாராளம். பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்ததற்காக மூக்கை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. மறு கன்னத்தைக் காட்டச் சொல்லி ஞாயிறுதோறும் போதகர் பேசுவார். எங்கள் ஊரில் முதல் கன்னத்தையே யாரும் லேசில் காட்டுவதில்லை.

அதனால் சங்கம் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தது. யார் மேல் நியாயம் என்ற பேச்சே கிடையாது. கை ஓங்கியவர் அசனம் என்கிற சபை விருந்தன்று அண்டா தேய்க்க வேண்டும். ஆளை முழுதாக முழுங்குகிற அண்டாக்கள். கரி பிடித்த அடியைச் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்தால் மறுநாள் தோள் தூக்க வராது. எங்கள் சபை அண்டாக்கள் எந்த வருஷமும் பளபளவென்றுதான் இருக்கும். நானும் தேய்த்திருக்கிறேன். பாளையம்பட்டி தறிக்கூடத்துக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது இடுப்பைக் கிள்ளியவனின் பல்லை டிபன் பாக்ஸால் பெயர்த்தேன். சங்கத்தில் விசாரித்தார்கள். நியாயம் என் பக்கம்தான் என்றார்கள், அண்டாவும் என் பக்கம்தான் என்றார்கள். அழுதுகொண்டே தேய்த்தேன். ஆனால் அதற்குப் பிறகு கை ஓங்கும்போதெல்லாம் தோள் வலி ஞாபகம் வந்து அரை நொடி நிற்கப் பழகியதும் உண்மை.

மற்றபடி, கோடையில் குடிதண்ணீர் லாரி வந்தால் நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குக் குடம் சுமப்போம். கல்லறைத் தோட்டத்து முள்ளை வெட்டுவோம். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்குவோம். பரிசுத்தவான்கள் யாரும் எங்களில் இல்லை. குடம் தூக்கிக்கொண்டே கெட்ட வார்த்தை பேசுகிறவர்கள்தான்.

அசனத்துக்கு இன்னொரு சட்டம் உண்டு. அசனம் என்றால் சபையார் சேர்ந்து சமைத்து ஊருக்கெல்லாம் போடுகிற விருந்து. ஆட்டோவில் மைக் கட்டிச் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சொல்லி வருவோம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் வரலாம். பரிமாறுகிறவர்கள் இலையைத்தான் பார்க்க வேண்டும், முகத்தைப் பார்க்கக் கூடாது. முகத்தைப் பார்த்தால் கறி சொந்தக்காரன் இலைக்கும் எலும்பு அசலூரான் இலைக்கும் போகும் என்பது அனுபவத்தில் கண்டது. பந்தியில் உட்கார்ந்துவிட்டவரை எந்தக் காரணத்துக்காகவும் எழுப்பக் கூடாது. சிறுபிள்ளையிலிருந்து இதில் பழகியவள் நான். வாளியோடு குனிந்தேன் என்றால் எனக்கு இலையும் கையும் தவிர வேறொன்றும் தெரியாது.

அண்ணன் சபைக்கு வருகிற ஆளில்லை. கிறிஸ்மஸுக்குக் கூட வாசலோடு நின்று பீடி குடித்துவிட்டுப் போய்விடுவான். ஆனால் அசனத்தன்று அடுப்பு மட்டும் அவனுடையது. கரிக்காரனுக்குத் தெரியாத தீயா? விரல் போன பிறகும் நான்தான் வருவேன் என்று வந்து நின்றான். அதில் எங்களுக்குச் சந்தோஷம். ஏனென்றால் அந்த மாதங்களில் அவன் யாரோடும் பேசுவதை விட்டிருந்தான். ஏலம் எடுத்த மரமெல்லாம் வெட்டியபடியே கண்மாய்க்குள் காய்ந்து கிடந்தது. மூட்டம் போடவில்லை. சாயங்காலமானால் வீட்டுக்குப் பின்னால் போய் இடது கையால் விறகு வெட்டிப் பழகினான். எங்களுக்கு அவ்வளவு விறகு தேவையே இல்லை. அம்மா அந்தச் சத்தம் கேட்டால் டிவியைச் சத்தமாக வைத்துவிடுவாள். அவன் அந்த ஆளை வெட்டப் போகிறான் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு ஒரே அண்ணன். அவன் கொலைகாரனாகி ஜெயிலுக்குள் கிடந்து சாவதை நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று.

வெட்டியவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். வந்ததும் சமாதானத்துக்கு ஆள் மேல் ஆளாக அனுப்பினான், வழக்கு நிற்கக் கூடாதல்லவா. அண்ணன் வந்தவர்கள் முகத்தில் கதவை அறைந்தான். எங்கள் பக்கத்தில் பகைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பகை உள்ள இடத்தில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால், ஒரு வாய் சோறு தின்றுவிட்டால், பகை முடிந்தது என்று அர்த்தம். பஞ்சாயத்தில் மாதக்கணக்காகப் பேசித் தீராததை ஒரு சாப்பாடு தீர்த்துவிடும். அதற்கப்புறம் பழசைப் பேசுகிறவனைத்தான் ஊர் காறித் துப்பும்.

அசனத்தன்று மூன்றாம் பந்தி. கூட்டம் தள்ளுமுள்ளாக உட்கார்ந்தது. நான் கறிக்குழம்பு வாளியோடு வரிசையில் குனிந்து போய்க்கொண்டிருந்தேன்.

"கறி போடு தாயி."

போட்டேன்.

"குழம்பு ஊத்து. கோயில் சோறுதான, கஞ்சத்தனம் பண்ணாம ஊத்து."

ஊற்றினேன். கை சோற்றைப் பிசைந்தது, ஒரு வாய் உள்ளே போயிற்று. அப்புறம்தான் அந்தக் குரல் பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி உயர்ந்தது.

"எல்லாரும் பாத்துக்கங்க. அவுக கோயில்ல கை நனைச்சாச்சு. அவன்கூடப் பிறந்தவளே பரிமாறிட்டா. இனிமே எனக்கும் அவனுக்கும் என்ன பகை? அன்னைக்கி நடந்தது அன்னையோட போச்சு."

நிமிர்ந்து பார்த்தேன். கண்மாயில் வெட்டியவனேதான். அவனுக்குப் பின்னால் கூட வந்தவன் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். என் கை, என் வாளி, அவன் இலை, எல்லாம் அதில் விழுந்திருந்தது. சங்கத்துச் சட்டத்தை அவன் தெரிந்துகொண்டு வந்திருக்கிறான். வேறு எந்த ஊர்ப் பந்தியிலும் வாளி பிடிக்கிறவள் முகத்தைப் பார்த்திருப்பாள், காறித் துப்பியிருப்பாள். எங்கள் சபையில்தான் இது நடக்கும்.

முகம் பார்க்காமல் பரிமாறியது தப்பு என்று இன்றுவரை நான் நினைக்கவில்லை. ஆனால் அப்போது வந்த ஆத்திரம் சாதாரண ஆத்திரமில்லை. கோபத்தில் கண் இருட்டும் என்பார்கள். எனக்கு எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது, அவன் மீசையில் ஒட்டியிருந்த பருக்கை வரைக்கும். குழம்பு வாளியை அவன் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் மொண்டுவந்த குழம்பு.

"ஏத்தா, தள்ளு!"

பின்னாலிருந்து அண்ணனின் சத்தம். திரும்பினேன். விறகு பிளக்கிற அரிவாள் இடது கையில் இருந்தது. இலைகளை மிதித்துக்கொண்டு பந்திக்கு நடுவே வந்தான். அவன் முதலில் பார்த்தது என்னைத்தான். பிறகுதான் பந்தியில் இருந்தவனை. என்னைப் பார்த்த அந்தப் பார்வையில், அவன் விரலைத் தேடிய என் கையே அவனுக்கு ஆகாததாகிவிட்டது தெரிந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

பந்தி கலைந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள், சாமியானாவின் ஒரு கம்பு பெயர்ந்து துணி சரிந்தது. வெட்டியவன் எழுந்து குழம்புக் கையோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி முன்னால் பிடித்தான். அண்ணனின் முதல் வீச்சு நாற்காலியை இரண்டாகப் பிளந்தது. போதகர் பயத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அமைதியா உக்காருங்க, அடுத்த பந்தி இருக்கு, எல்லாருக்கும் சாப்பாடு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் அவரைத்தான் முதலில் அடிக்கலாமா என்று இருந்தது எனக்கு.

சங்கத்துப் பையன்கள் கரண்டியை எறிந்துவிட்டு வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பாதிப் பேர் அந்த ஆளைச் சுற்றி முதுகு காட்டி நின்றுகொண்டார்கள், பாதிப் பேர் அண்ணன் மேல் விழுந்தார்கள். செயலாளர் நேராக அரிவாளுக்கு முன்னால் போனான். இரண்டாவது வீச்சு அவன் முன்கையில் இறங்கியது. எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. ரத்தம் ஒழுகுகிற கையோடு அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தான். அப்புறம் எல்லோரும் சேர்ந்து மண்ணில் விழுந்தார்கள். அண்ணன் கடித்தான், உதைத்தான், ஒருவனின் காதைப் பிய்க்கப் பார்த்தான். தங்களைப் பெற்றவர்களை அவன் வைத வசவுக்கு வேறு நாளாக இருந்தால் கொலையே விழுந்திருக்கும். ஒரு பையனும் அவனைத் திருப்பி அடிக்கவில்லை. மார்பில் ஒருவன் உட்கார்ந்தான், காலை இருவர் பிடித்தார்கள். அம்மா ஓடிவந்து, என் மகனை விடுங்கலே என்று சோத்துக் கரண்டியால் அவர்கள் முதுகில் சாத்தினாள். அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொரு கூட்டம் அந்த ஆளை வாசலுக்கு நடத்திப்போனது. ஊரே அவனை அடிக்கப் பாய்ந்தது. அந்த அடியெல்லாம் சுற்றி நின்ற பையன்கள் மேல் விழுந்தது. நான் அங்கே கிடந்த ஒரு காலி வாளியை எடுத்துக்கொண்டு ஓடி, இடுக்கில் கை விட்டு, அவன் மண்டையில் ஒரு போடு போட்டேன். அதற்காக நான் அண்டா தேய்த்தேன். வருத்தமில்லாமல் தேய்த்தேன்.

ஆஸ்பத்திரியில் செயலாளருக்கு உள்தையல், வெளித்தையல் என்று போட்டார்கள். எப்படி வெட்டுப்பட்டது என்று போலீஸ் கேட்டபோது, "அடுப்புக்கு விறகு பிளக்கும்போது கை தவறிருச்சு சார்" என்றான். பந்தலில் இருந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். அந்த ஆளும் புகார் கொடுக்கவில்லை. சமாதானம் ஆகிவிட்டது என்று காட்ட வந்தவன் அங்கே வெட்டுக்குத்து நடந்தது என்று எப்படி எழுதிக் கொடுப்பான்? போதகர் மட்டும் அடுத்த ஞாயிறு பொய்யைப்பற்றிப் பிரசங்கம் செய்தார். பிரசங்கம் முடிந்ததும், "ஐயா, நெசத்தைச் சொல்லியிருந்தா எங்க அண்ணன் உள்ள இருப்பான்" என்றேன். "தெரியும்மா, அதான் பேரு சொல்லாமப் பேசுனேன்" என்றார். மனிதர் மேல் எனக்கு அன்றுதான் கொஞ்சம் மரியாதை வந்தது.

அண்ணன் என்னோடு பேசவில்லை. நான் வைத்த சோற்றைத் தொடவில்லை. வீடியோ டீக்கடை டீக்கடையாகப் போயிருந்தது. உன் தங்கச்சியே சோறு போட்டுத் தீர்த்துவிட்டாளே, இன்னும் என்ன என்று அவனையே கேட்டார்கள். விறகு வெட்டுகிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிடப் பலமாக.

கட்டுப்போட்ட கையோடு செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தான். மன்னிப்புக் கேட்க வந்தானா, நலம் விசாரிக்க வந்தானா என்று தெரியாது. அண்ணன் அவனை வாசலிலேயே நிறுத்தினான்.

"ஏலே, அன்னைக்கி கண்மாய்க்குள்ள அவன் என்னைய வெட்டும்போது எங்கலே போன? அன்னைக்கி ஓடுன கால் அசனத்தன்னைக்கி எப்படிலே குறுக்க வந்துச்சு? அவனைக் காப்பாத்த மட்டும் உங்க கோயிலு ஆள் அனுப்புமோ?"

அந்தக் கேள்வி என்னுடையதும்தான். இத்தனை நாளும் அதைத்தான் நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பயந்துட்டேண்ணே" என்றான் அவன். "அசனத்தன்னைக்கும் பயந்தேன். அவனைக் காப்பாத்த வரலண்ணே. உங்களைத்தான் பிடிக்க வந்தேன்."

அண்ணன் அவன் நெஞ்சில் மிதித்தான். அவன் முற்றத்தில் மல்லாந்து விழுந்தான். கைக்கட்டுக்குள்ளிருந்து ரத்தம் கசிந்தது. எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சொன்னபடியே வந்தான். அந்தச் சனிக்கிழமை காலை சங்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினான். காய்ந்து கிடந்த கட்டைகளை இழுத்து மூட்டம் அடுக்க ஆரம்பித்தார்கள். யாருக்கும் அந்த வேலை தெரியாது. தறிக்காரன், டயர் கடைக்காரன், பாலவனத்தத்தில் பருத்தி எடுக்கப் போகிற பிள்ளைகள். செய்தி கேட்டு அண்ணன் கண்மாய்க்கு ஓடினான், அவன் பின்னால் நான்.

கரையில் நின்று வைதான். அவர்கள் பாட்டுக்கு அடுக்கினார்கள். மண்கட்டியை எடுத்து எறிந்தான். இடது கை எறி எங்கெங்கோ போய் விழுந்தது. ஒன்று மட்டும் ஒரு பையனின் நெற்றியில் பட்டு உடைந்தது. அவன் உட்கார்ந்து ரத்தத்தைத் துடைத்தான், "அண்ணே, கண்ணுல பட்டிருக்கும்ணே" என்று சலித்துக்கொண்டான், மறுபடி கட்டை தூக்கினான். அண்ணன் அடுத்த கட்டியைக் கையில் வைத்தபடி நின்றான். நான் பக்கத்தில் போகவில்லை.

பிறகு இறங்கிப் போய், அவர்கள் இடுப்பு உயரம் அடுக்கி வைத்திருந்ததை ஒரே மிதியில் சரித்தான்.

"இதுக்குப் பேரு மூட்டமாலே? இத்தனை சந்து விட்டு அடுக்கினா உள்ள காத்துப் போயி எல்லாம் சாம்பலாத்தான் கிடக்கும். பெருங்கட்டை நடுவுல. நிறுத்து. சாய்க்காத, நிறுத்துங்கிறேன்!"

ஆளுக்கு ஆள் வசவு வாங்கிக்கொண்டு, வெயில் உச்சிக்கு வருகிற வரை அடுக்கினார்கள். தழை பரப்பி ஈரமண் அப்பினார்கள். அண்ணன் விரல் போன கையின் உள்ளங்கையால் மண்ணைத் தட்டித் தட்டிச் சரிபார்த்தான். காயம்பட்ட பிறகு அந்தக் கையை அவன் துண்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்தது அன்றைக்குத்தான். நான் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சோறும் மோரும் கொண்டுவந்தேன். எல்லோரும் கருவேல நிழலில் உட்கார்ந்தார்கள். அண்ணன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். நான் அவனுக்கும் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தான், பிறகு பிசைந்து தின்றான். மோர்ச்செம்பைக் கழுவுகிற சாக்கில் நான் திரும்பிக்கொண்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அவன் பேசினான். யாரையும் பார்த்துப் பேசவில்லை.

"சமாதானம் கிமாதானம்னு எவனும் எங்கிட்ட வராதீக. அவனை எங்க பாத்தாலும் வெட்டத்தான் செய்வேன்."

செயலாளர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தான். அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினான்.

"நான் வெட்டப் போற அன்னைக்கும் ஓடிப்போயிராதலே. எல்லாருமா வந்து என்னையப் பிடிச்சிருங்க."